அறிவியல் மாயையை மெய்ப்பித்துவிட்டதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாம் காணும் உலகம் மூளை கட்டியெழுப்பும் தோற்றமே என்று நரம்பியல் கண்டறிந்திருப்பதால், உலகம் மெய்போல் காணும் தோற்றமே என்னும் ஆதிசங்கரரின் மாயைக் கோட்பாடு ஆய்வகத்திலேயே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்னும் கருத்துடைய கட்டுரையொன்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியாகியிருந்தது. சங்கரர் பிறந்த காலடி இருக்கும் மாநிலத்தில், பாலக்காட்டு எல்லையோரம் வாழும் தமிழர்களான எங்களுக்கு இது இனிப்பான செய்திதான். ஆயினும் அந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

கட்டுரையின் நரம்பியல் பகுதியில் குறை காண ஏதுமில்லை. பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லாததால், ஒவ்வொரு கண்ணிலும் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. இரு கைகளையும் நீட்டிக் கட்டைவிரல்களை அருகருகே நிறுத்தி, இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் இடக் கட்டைவிரலையே உற்று நோக்கியபடி வலக்கையை மெல்ல வலப்புறம் நகர்த்தினால், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தொலைவில் வலக் கட்டைவிரலின் நுனி காணாமற்போகும். அந்த இடத்தில் கரும்புள்ளி எதுவும் தெரிவதில்லை. பின்னாலுள்ள சுவரின் நிறத்தையே மூளை அங்கும் பூசிவிடுகிறது. பார்வை என்பது நாம் அறியாமலே நடக்கும் ஊகம் என்று ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார்.

ஆனால் சங்கரர் பேசுவது இதையன்று. பிரம்மசூத்திரத்துக்கு எழுதிய உரையான பாஷ்யத்தின் முன்னுரையில் அவர் எடுத்துக்கொள்ளும் அத்தியாசம், ஒன்றின் தன்மையை மற்றொன்றின்மேல் ஏற்றிக் காண்பது. அதிலும் ஆன்மாவின்மேல் உடலையும் புலன்களையும் மனத்தையும் ஏற்றிக் காண்பதே அவருடைய கவலை. மூளைதான் உலகத் தோற்றத்தை உண்டாக்குகிறது என்பவருக்கு மூளை மெய்ப்பொருள். சங்கரரின் அத்வைதத்தைப் பின்பற்றும் அத்வைதிக்கோ அந்த மூளையும், அதைப் படம்பிடிக்கும் கருவியும், படத்தைப் பார்த்து விளக்கும் மருத்துவரும் வியாவகாரிகம் எனப்படும் உலகியல் உண்மைக்குள் அடக்கம். பிரம்மம் ஒன்றே இறுதி உண்மையான பரமார்த்தம் என்ற கூற்றை எந்த ஸ்கேன் கருவியாலும் நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. இந்து தத்துவம் என்றாலே அத்வைதம் என்று கட்டுரையாளர் கொண்டதும் பொருந்தவில்லை. சைவ சித்தாந்தத்தில் மாயை பொய்த்தோற்றமன்று. தனு (உடல்), கரணம் (மனம் முதலிய கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) ஆகியவை தோன்றுவதற்கு முதற்காரணமான உள்பொருள். கருவிகளின் துணையின்றி உயிர் எதையும் அறியாது என்று சொல்லும் சித்தாந்தி, அதே குருட்டுப் புள்ளியைத் தம் கட்சிக்குச் சான்றாகக் காட்டலாமே!

எனக்குப் பெரிய குறையாகப் பட்டது, நாட்டியத்தைக் கட்டுரை இரண்டே வரிகளில் கடந்து சென்றதுதான். 1990களில் இத்தாலியின் பார்மா நகரில் ரிசோலாட்டி குழுவினர் மக்காக் குரங்குகளில் கண்ட, ஒரு செயலைச் செய்யும்போதும் பிறர் செய்யக் காணும்போதும் இயங்கும் கண்ணாடி நரம்பணுக்களே, கலையைச் சுவைக்கும் அனுபவமான ரசத்தின் இருப்பிடம் என்கிறது அது. குரங்கின் மூளையிலிருந்து ரசத்துக்கு ஒரே தாவலில் வருவது அனுமனுக்கும் கடினம். லண்டனில் 2005இல் வெளியான ஆய்வைச் சொல்லியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். பாலே ஆடுபவர்களுக்கும் பிரேசிலின் கபோயிரா ஆடுபவர்களுக்கும் இரு வகை ஆட்டங்களையும் காட்டியபோது, அவரவர் பயின்ற ஆட்டத்தைக் கண்டபோதே மூளையின் இயக்கம் சார்ந்த பகுதிகள் கூடுதலாகச் செயல்பட்டன. ஆடிப் பழகிய உடல், பார்வையையும் மாற்றுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

கேரளத்தின் சமஸ்கிருத நாடகக் கலையான கூடியாட்டத்தில் ராவணன் கைலாசத்தைக் காணும் இடத்தை நேரில் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் விளங்கும். மேடையில் திரைச்சீலை ஓவியம் இல்லை. பித்தளைக் குத்துவிளக்கும் மிழா என்னும் குடமுழவும் மட்டுமே. நடிகரான சாக்கியாரின் கருவிழிகள் அடிவாரத்திலிருந்து மெல்ல மேலேறுகின்றன, உச்சியில் நிற்கின்றன, இருபுறமும் விரிகின்றன, மறுபடி இறங்குகின்றன. பார்வையாளருக்கு மலை தெரிகிறது. இங்கே யாரும் ஏமாறவில்லை. விளக்கைத் தூண்டிவிட்டாலும் இந்த மலை மறையாது. ஆகவே இது, அத்வைதிகள் உவமை காட்டும், இருட்டில் கயிற்றில் கண்ட பாம்பாகாது. மூளை தானாகச் செய்யும் நிரப்புதலும் ஆகாது, ஏனெனில் பார்ப்பவருக்கும் பயிற்சி வேண்டும். முத்திரை தெரியாதவர் பாதியில் எழுந்துபோவதையும் காண்கிறோம். மேடையில் ராமனைக் காணும் அறிவு மெய்யறிவும் அன்று, பிழையும் அன்று, ஐயமும் அன்று, ஒப்புமையும் அன்று. ஓவியத்துக் குதிரையைக் குதிரை என்பது போன்ற தனிவகை அறிவு அது என்று பழைய ரசக் கோட்பாட்டாளரான சங்குகர் வாதிட்டதாக, நாட்டிய சாத்திரத்துக்கு உரை எழுதிய அபிநவகுப்தர் குறிப்பிடுகிறார். சங்குகரின் கொள்கையை அபிநவகுப்தர் மறுத்தார் என்றாலும், இந்தக் கேள்வியை இவ்வளவு கூர்மையாக எழுப்பியவர் வேறொருவர் என் நினைவுக்கு வரவில்லை. மாயை, மூளை, ரசம் மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டால் இந்த நுட்பமெல்லாம் அடிபட்டுப் போகும்.

எனவே, இத்தொடரின் அடுத்த கட்டுரையைக் கூடியாட்டக் கலைஞர் ஒருவரிடமும், நரம்பியல் மருத்துவர் ஒருவரிடமும் தனித்தனியே கேட்டு வாங்கி வெளியிடுமாறு வேண்டுகிறேன். செறுதுருத்தியிலுள்ள கேரள கலாமண்டலத்தில் 1965 முதல் கூடியாட்டம் கற்பிக்கப்பட்டு வருகிறது. தங்கள் செய்தியாளர் பாலக்காட்டிலிருந்து காலையில் புறப்பட்டால் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.