பழைய லேப்டாப்பே போதும், கண்ணு

அன்புள்ள கண்ணு,

வீட்டிலேயே சர்வர் வைக்கப் போகிறாய், அதற்குப் புதுப் பெட்டி விலை விசாரிக்கிறாய் என்று அம்மா சொன்னாள். கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் எதுவும் வாங்காதே. காலேஜில் நீ வைத்திருந்த லேப்டாப்பே போதும். 64 பிட் ப்ராசஸர், 4 ஜிபி ராம். விண்டோஸுக்குத்தான் அது திணறும், டெஸ்க்டாப் திரை இல்லாத டெபியன் லினக்ஸுக்குத் தாராளம். இன்ஸ்டால் ஆகும்போது வருகிற பட்டியலில் டெஸ்க்டாப் டிக்கை எடுத்துவிட்டு, வேறு கம்ப்யூட்டரிலிருந்து இதை இயக்க உதவும் எஸ்எஸ்எச் சர்வருக்கு மட்டும் டிக் போடு.

மாமா தருகிற டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வேண்டாம். சும்மா நிற்கும்போதே அது 60 வாட் இழுத்தால் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். லேப்டாப் 15 வாட் என்றால் 22 யூனிட்டுக்குள் முடியும். ராப்பகலாக ஓடப்போகிற பொருள், கரண்ட் பில்லையும் பார்க்க வேண்டும்.

முதல் வேலையாக பேட்டரியைப் பார். டச்பேட் மேலே தூக்கியிருந்தாலோ அடி மூடி புடைத்திருந்தாலோ பவர் போடாதே, குத்தியோ நெம்பியோ பார்க்காதே. கடையில் கொடுத்துக் கழற்றிவிடு. நன்றாக இருந்தால் கரண்ட் போகும்போது அதுவே யுபிஎஸ்.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் சோதனையில் ‘பெண்டிங் செக்டர்’ (சரியாகப் படிக்க முடியாத இடங்கள்) என்ற வரியில் பூஜ்யம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த டிஸ்க்கை நம்பாதே. இது ஒன்றுக்கு மட்டும் காசு செலவழிக்கலாம்.

மூடியை மூடினால் லேப்டாப் தூங்கிவிடும். டெபியனில் இதைக் கவனிக்கும் லாகின்ட் செட்டிங்கில் ‘ஹேண்டில் லிட் ஸ்விட்ச்’ வரியின் முன்னால் இருக்கும் ஹேஷ் குறியை எடுத்துவிட்டு ‘இக்னோர்’ என்று மாற்று. வைஃபை வேண்டாம், ரூட்டரிலிருந்து கேபிள் போடு. ரூட்டரிலேயே அதற்கு ஒரு ஐபி முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடு.

சினிமா, பாட்டு, விளம்பரத் தடுப்பு எல்லாம் ஒரே நாளில் ஏற்ற ஆசை வரும். பொறு. முதலில் போட்டோ மட்டும். அமுச்சியின் கடைசிப் பொங்கல் வீடியோ உன் போனில் மட்டும்தானே இருக்கிறது? அதைக் காப்பாற்றத்தான் இந்த சர்வர் என்று வைத்துக்கொள். சாம்பா என்ற ஃபைல் பகிரும் ப்ரோகிராமில் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்து படங்களை ஏற்று. பிறகு மாறிய ஃபைல்களை மட்டும் நகலெடுக்கும் ஆர்சின்க் வைத்து வெளி டிஸ்க்கில் இன்னொரு பிரதி எடு. சாம்பாவைத் தொடங்கிய ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்தான் 1996-இல் பால் மக்கராஸோடு சேர்ந்து ஆர்சின்க்கையும் கொடுத்தார். இத்தனை வருஷம் கழித்தும் அந்த இரண்டையும் நம்பி இறங்கலாம். அந்த டிஸ்க்கை நம் வீட்டுக்கு வரும்போது கொண்டுவந்து வை, உன் வீட்டில் மட்டும் இருந்தால் போதாது. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு போட்டுவிட்டேன், பேக்கப் எதற்கு என்று யாராவது சொன்னால் கேட்காதே. தப்பாக அழித்த படம் ரெய்டில் இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். ஒரு படத்தை வேண்டுமென்றே அழித்துவிட்டு, பிரதியிலிருந்து திரும்ப எடுத்துப் பார். அது வந்தால்தான் பேக்கப் இருக்கிறது என்று அர்த்தம்.

வெளியிலிருந்து பார்க்க ரூட்டரில் போர்ட் (இணையத்திலிருந்து உள்ளே வரும் வாசல்) திறக்காதே. திறந்த எஸ்எஸ்எச் போர்ட்டைத் தேடிப் பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கும் ப்ரோகிராம்கள் ஓயாமல் சுற்றுகின்றன. நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பங்கிடுவதால் போர்ட் திறந்தாலும் வேலைக்காகாது. டெயில்ஸ்கேல் என்ற ப்ரோகிராமைப் போட்டுக்கொள், அது வயர்கார்டு என்ற ரகசிய இணைப்பு முறையை வைத்து ஓடுவது, உன் போனும் சர்வரும் மட்டும் பேசிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை டிஸ்க் சோதனையை ஓட்டி, வருகிற திரையைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன், போனில் பேசிக்கொண்டே டெபியனை ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
அப்பா