தண்ணீரைப் பற்றிப் பேச எங்களுக்கு எந்த மேசை?

மதிப்பிற்குரிய பஞ்சாயத்துத் தலைவர், செயலர், திட்டக் குழுவினருக்கு வணக்கம்.

சென்ற வாரம் நம் பஞ்சாயத்துத் திட்டத்துக்கான வளர்ச்சிக் கருத்தரங்கில் நடந்தது உங்களுக்குத் தெரியும். தண்ணீர்த் திட்டம் பற்றிக் கேட்க எழுந்த எங்களை, "பெண்கள் குழு அந்த மேசை" என்று கை காட்டி அனுப்பினீர்கள். அந்த மேசையில் தையல் மெஷினும் ஆடு வளர்ப்பும்தான் பேச்சு. ஆட்டுக்கும் நாங்கள்தானே தண்ணீர் சுமக்கிறோம்?

மாசி பிறந்தால் எங்கள் வார்டுக்கு லாரித் தண்ணீர்தான். அது வருவது பதினொரு மணி வாக்கில். நூறு நாள் வேலையிலோ வருகைப் பதிவுக்குக் காலையில் ஒரு போட்டோ, மதியத்துக்கு மேல் ஒரு போட்டோ. இரண்டிலும் முகம் இருந்தால்தான் கூலி. பக்கத்து வீட்டு அக்கா குடங்களின் கழுத்தில் கயிறு கட்டி வரிசையில் போட்டுவிட்டு வேலைக்குப் போவார். ஒரு நாள் லாரி தாமதமாக வந்தது. குடம் நிறைந்தது, மதியப் போட்டோ தவறிக் கூலி போயிற்று. அப்புறம் எட்டாவது படிக்கும் மகளைப் பரீட்சை நேரத்தில் குடத்துக்குக் காவல் வைத்தார். லாரிக்கு ஒரு அலுவலகம், வேலைக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று. மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடுவது அந்த அக்கா ஒருத்திதான். அவரை நீர்க் குழுவில் உட்கார வையுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

நம் கேரளத்துப் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டாரத்தில் நிலத்தடி நீர் நெருக்கடி நிலையில் இருக்கிறது என்று அரசுக் கணக்கே சொல்கிறது. தமிழ்நாடும் கேரளமும் போட்ட 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணையில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். அதை இரண்டு அரசுகளும் பேசட்டும். தோப்புக்காரர் போர்வெல்லை இன்னும் ஆழமாக இறக்கினால் எங்கள் பொதுக் குழாய் காற்று விடுகிறதே, அதை யார் பேசுவது? பக்கத்தில் பிளாச்சிமடையில் கோக்க கோலா ஆலை வந்த பின் கிணற்றுத் தண்ணீர் கெட்டதை முதலில் கண்டது உலை வைத்த பெண்கள்தான். 2002இல் அந்த ஊர்ப் பெண் மயிலம்மா போராட்டத்தின் முன்னால் நின்றார். 2004இல் ஆலை நின்றது.

திட்ட நிதியில் 10 சதவீதம் பெண்களுக்கு என்கிறீர்கள். சரி, மீதி 90இல் நாங்கள் இல்லையா? கருத்தரங்கில் கொடுத்த திட்ட வரைவு முழுக்க மலையாளம். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் புரட்டிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டோம்.

கோபத்தில் ஏதும் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். லாரியைக் காலை ஏழு மணிக்குள் அனுப்புங்கள். வரைவைத் தமிழிலும் கொடுங்கள். அதை முடிவு செய்யும் முன், நீர்க் குழுவில் பாதி இடத்தில் குடம் தூக்கும் பெண்களை உட்கார வையுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சித்தூர் கிழக்கு எல்லையிலிருந்து ஒரு குடும்பஸ்ரீ (பெண்கள் சுயஉதவிக் குழு) உறுப்பினர்