ஐந்து இடங்களின் எடை

ஆசிரியருக்கு,

நெதர்லாந்தின் கிறிஸ்தவ ஒன்றியக் கட்சியை 'உதிரிக் கட்சி' என்று தங்கள் கட்டுரை ஒரே வரியில் ஒதுக்கியது சரியன்று. 2000-இல் இரு சிறு கிறிஸ்தவக் கட்சிகள் இணைந்து உருவான இது, 2017 தேர்தலில் வென்றவை நாடாளுமன்றக் கீழவையின் 150-இல் 5 இடங்களே எனினும், அவற்றைச் சேர்த்த பிறகுதான் அப்போதைய பிரதமர் மார்க் ருட்டேயின் கூட்டணி பெரும்பான்மைக்குரிய 76-ஐத் தொட்டது. கருணைக்கொலையை எதிர்ப்பதால் இதை வலதுசாரி என முத்திரை குத்துவோர் (அவசரப்படுகிறார்கள் என்பேன்) 2023 ஜூலையை மறந்துவிடக் கூடாது. போருக்குத் தப்பி வந்த அகதிகளின் குடும்பத்தார் வந்து சேர்வதைக் கட்டுப்படுத்தும் யோசனையை ஏற்க மறுத்து, அமைச்சர் பதவிகளை இழக்கவும் இக்கட்சி துணிந்தது. அரசு கவிழ்ந்தது, நவம்பர் தேர்தலில் இதற்கு மிஞ்சியவை 3 இடங்கள்.

இப்படிக்கு,
வாசகர், தஞ்சாவூர்