நாய் தூங்குறப்ப மூச்சு எண்ணிக் குடுத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம்.

எங்க பி.எஸ்சி விலங்கியல் கடைசி வருஷ ப்ராஜெக்ட் சப்மிட் பண்ணி, வைவாவும் (வாய்மொழித் தேர்வு) நல்லபடியா முடிஞ்சிருச்சு. வைவால கேட்ட பாதி கேள்விக்கு பதில் நீங்க எழுதிக் குடுத்த தாள்லதான் இருந்துச்சு. ஆளாளுக்குத் தனியா மெசேஜ் போட்டா யாராச்சும் விட்டுப்போயிரும், அதான் எல்லாரும் படிக்கிற மாதிரி பொதுவா எழுதுறேன்.

விஷயம் தெரியாதவங்களுக்காக சொல்லிடுறேன். நாங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். உங்க நாய் நல்லா அசந்து தூங்குறப்ப 30 செகண்ட் மூச்சு எண்ணி, ரெண்டால பெருக்கி, தேதி போட்டு எழுதி வைக்கணும். விலா ஒரு தடவ ஏறி இறங்குனா ஒண்ணு. கேக்குறதுக்கு லேசா இருக்கும், ஆனா நாள் பூரா வேலை பாத்துட்டு வந்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகள தூங்கப் போட்டுட்டு, ராத்திரி 11 மணிக்கு டார்ச் அடிச்சா முழிச்சுக்கும்னு இருட்டுலயே தரையில உக்காந்து எண்ணியிருக்கீங்க, அதுவும் தை கடைசில ஆரம்பிச்சு பங்குனி வரைக்கும். யாருக்கும் ஒரு பைசா நாங்க குடுக்கல.

ராத்திரிதான் எண்ணணும்னு நாங்க அடம்பிடிச்சதுக்கு காரணம் இருக்கு. நாய்க்கு நமக்கு மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, பாதத்துல மட்டும்தான் கொஞ்சம் வேர்க்கும், உடம்புச் சூட்ட பெரும்பாலும் நாக்கு, மூக்கு வழியாத்தான் வெளிய தள்ளணும். வெயில்ல நாக்கத் தொங்கப்போட்டு இரைக்கிறப்ப நிமிஷத்துக்கு 200க்கு மேலகூட போகும், அந்த நேரத்துல எண்ணி ஒண்ணும் தெரியாது. நல்லா தூங்குறப்ப ஆரோக்கியமான நாய்க்கு 30க்குள்ள இருக்கும், டாக்டருங்க பாக்குற எல்லை அதுதான். கனவு காணுறப்ப கால உதறும், உதடு துடிக்கும், மூச்சும் தாறுமாறா இருக்கும், அதையும் எண்ணக்கூடாது. இத்தனையும் பொறுமையா கேட்டுக்கிட்டு, "இப்ப உதறுது, அடங்கட்டும், அப்புறம் எண்ணுறேன்"னு வாய்ஸ் நோட் அனுப்புன திருமங்கலம் அக்காவுக்கு ரொம்ப நன்றி. அந்த வாய்ஸ் நோட்டத்தான் அப்புறம் வந்தவங்களுக்கெல்லாம் சாம்பிளா அனுப்புனோம்.

செல்லூர் பாட்டியப் பத்தி கண்டிப்பா சொல்லணும். அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேத்தி செல்லுல டைம் வச்சு தோளத் தட்டுனதும், பாட்டி ஒவ்வொரு மூச்சுக்கும் மடியில இருந்து ஒரு புளியங்கொட்டைய எடுத்து கிண்ணத்துல போடுவாங்க, மறுபடி தட்டுனா நிறுத்திருவாங்க, பேத்தி கொட்டைய எண்ணி எழுதும். கொட்டை விழுற சத்தத்துல அவங்க நாய் மணி முழிச்சுரக்கூடாதுன்னு கிண்ணத்துக்குள்ள பழைய துணிய மடிச்சு வச்சிருந்தாங்க. நாங்க ஒருநாள் நேர்ல போய் கூடவே உக்காந்து எண்ணிப் பாத்தோம், எங்க நம்பரும் பாட்டி நம்பரும் ஒண்ணுதான். பாட்டி, உங்க மணி பேரு ப்ராஜெக்ட்ல இல்ல, எந்த நாய் பேரும் ஆள் பேரும் போடக்கூடாதுன்னு முதல்லயே முடிவு பண்ணிட்டோம், ஆனா அந்த புளியங்கொட்டை முறைய செய்முறைப் பகுதியில ஒரு பாரா எழுதியிருக்கோம்.

ராஜபாளையம் பக்கம் சிப்பிப்பாறை நாய் வளக்குற அண்ணன் பால் கணக்கு நோட்டுலயே எழுதி அனுப்பியிருந்தாரு. ஒரு பக்கத்துல இப்படி இருந்துச்சு: "கரண்ட் போச்சு, ஃபேன் ஓடல, 34." அடுத்த நாள், "பக்கத்துல விசேஷம், வெடி போட்டாங்க, தூங்கவே இல்ல, எண்ணல." அதுக்கடுத்து, "குலதெய்வம் கோயிலுக்குப் போயிட்டோம், எண்ணல." எனக்கு அந்த "எண்ணல"தான் பெரிய விஷயம். சும்மா 22, 24ன்னு எதையாச்சும் போட்டு கட்டத்த நிரப்பியிருக்கலாம், எங்களால கண்டுபிடிச்சிருக்கவே முடியாது. காலியா இருக்குற கட்டம் காலின்னு பாத்ததும் தெரியும், பொய்யா எழுதுன நம்பர் நிஜ நம்பர் கூட்டத்துல போய் நின்னுக்கும், அப்புறம் பிரிக்க வழியே இல்ல. எல்லா கட்டமும் நிரம்பி வந்திருந்தா நாங்க சந்தோஷப்பட்டிருப்போம், ப்ராஜெக்ட் கெட்டுப்போயிருக்கும். உங்கள்ல நிறைய பேர் அந்த நேர்மைய நாங்க சொல்லாமலே செஞ்சீங்க, நான் முக்கியமா நன்றி சொல்ல வந்தது அதுக்குத்தான்.

ஃபேன் ஓடாத அன்னைக்கு 34 வந்ததையும் அவர் காரணத்தோட எழுதுனதாலதான் நாங்க மத்தவங்ககிட்டயும் ஃபேன், கரண்ட் பத்தி கேக்க ஆரம்பிச்சோம். பங்குனி புழுக்கத்துல நம்பர் ஏறுனது அப்பதான் தெளிவா தெரிஞ்சுச்சு. பக் நாய் வச்சிருக்கவங்க இத கவனிங்க, அதுக்கு மூக்கு அமுங்கி இருக்கு, சூட்ட வெளிய தள்ளுறது அதுக்கு ரொம்பக் கஷ்டம், மத்தியான வெயில்ல வாக்கிங் கூட்டிட்டுப் போகவே போகாதீங்க.

இன்னொரு குடும்பம், ஊர் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. வயசான பொமரேனியன். முதல்ல 26, 28ன்னு ஒழுங்கா வந்துட்டு இருந்துச்சு, பங்குனி வெயில் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே திடீர்னு 40 தாண்டி வரிசையா வந்துச்சு. எங்க கைடு மேம் அந்த தாளப் பாத்த உடனே, ப்ராஜெக்ட் கிடக்கட்டும், முதல்ல மாட்டாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுன்னாங்க. சின்ன ஜாதி நாய்க்கு வயசானா இதய வால்வு கெட்டுப்போறது சகஜம், நுரையீரல்ல நீர் கோக்க ஆரம்பிச்சா தூக்கத்துலயே மூச்சு எண்ணிக்கை ஏறிடும்னு டாக்டர் சொன்னாராம். ஸ்கேன்ல அதேதான். இப்ப நீர் பிரியிற மாத்திரையும் இதய மாத்திரையும் போய்ட்டு இருக்கு, எண்ணிக்கை மறுபடி 30க்குள்ள வந்திருச்சு, வீட்டுல எல்லாரும் நிம்மதியா இருக்காங்க. அதுக்குப் பிறகும் தினமும் எண்ணி எங்களுக்கு அனுப்பிட்டே இருந்தாங்க, அந்த மனசுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

அதனால ஒண்ணு கேட்டுக்கிறேன், எண்ணுறத விட்டுறாதீங்க, வாரத்துக்கு ரெண்டு தடவயாச்சும் எண்ணுங்க. ஒவ்வொரு நாய்க்கும் அதுக்குன்னு ஒரு நம்பர் இருக்கு, தெனமும் ஏறக்குறைய அதேதான் வரும். உங்க நாயோட நம்பர் உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அது ஏறுறப்ப சீக்கிரம் டாக்டர்கிட்ட போகலாம்.

வெறிநாய்த் தடுப்பூசி போட வந்தவங்க வரிசையில எங்கள தாள் குடுக்க விட்ட டாக்டருக்கும், பேனா, பேட் எல்லாம் குடுத்து உதவுன கம்பவுண்டர் அண்ணனுக்கும், பாதி விலைக்கு ஜெராக்ஸ் போட்டுக் குடுத்த கடைக்கார அண்ணாச்சிக்கும், நம்மளால முடியாதுன்னு முதல்லயே வெளிப்படையா சொன்னவங்களுக்கும் நன்றி.

ப்ராஜெக்ட் காப்பி எங்க டிபார்ட்மெண்ட் லைப்ரரில இருக்கு. ரிசல்ட்ட தமிழ்ல ரெண்டு பக்கமா சுருக்கி இந்த மாசத்துக்குள்ள எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பிடுறோம். உங்க வீட்டுத் தாள், நோட்டு திருப்பி வேணும்னா சொல்லுங்க, நேர்லயே கொண்டு வந்து தரேன். பால் கணக்கு நோட்டு அண்ணே, உங்களோடது நாளைக்கே கிளம்புது.