மங்கைக்கு, வயசு காரணமில்லை

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் கிடைத்தது. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கூடப் போகவில்லை, யார் கூப்பிட்டாலும் தலைவலி என்று சொல்லிவிடுகிறேன் என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியில்தான் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாய். மலம் அடக்க முடியாமல் புடவையிலேயே போய்விடுகிறது, வயசானால் இப்படித்தான் என்று. அந்த "வயசானால்" என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எனக்கும் இது இருந்தது, மங்கை. கடலூர் பஸ் ஏறினால் படிக்கட்டுப் பக்கத்து சீட்டுதான் பார்ப்பேன், பையில் மாற்றுப் பாவாடையும் ஒரு பிளாஸ்டிக் கவரும் இருக்கும், கிளம்புகிற நாளில் காலையிலிருந்து பட்டினி. டாக்டர் அம்மாவிடம் சொன்னபோது அவர் முகத்தைச் சுளிக்கவே இல்லை. ஆசனவாயில் இரண்டு வளையத் தசைகள் இருக்கின்றனவாம். உள்ளே இருப்பது தானாக மூடிக்கொண்டிருக்கும், வெளியே இருப்பது நாம் அடக்கும்போது இறுகும். வந்திருப்பது காற்றா, தண்ணீரா, கெட்டியா என்று நரம்பு சொல்ல வேண்டும். இதில் எது பழுதானாலும் கசியும். என் மூத்தவனை ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்குக் கிழிந்த தசை இத்தனை வருஷம் சமாளித்து, மாதவிடாய் நின்ற பிறகு தளர்ந்துவிட்டது.

உனக்குச் சர்க்கரை இருக்கிறது. நாள்பட்ட சர்க்கரையில் அந்த நரம்புகளும் மரத்துப்போகும், தூக்கத்தில் போவதே தெரியாது. மெட்ஃபார்மின் மாத்திரையாலும் சிலருக்கு வயிறு இளகும். நீயாக நிறுத்திவிடாதே, மாற்றித்தரச் சொல்லிக் கேள்.

இன்னொன்று, இதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. நாலைந்து நாள் சரியாகப் போகாமல் இருந்து அப்புறம் தண்ணியாகக் கசிகிறது என்கிறாய், அதற்கு மெடிக்கலில் கேட்டு லூஸ் மோஷன் மாத்திரை வாங்கிப் போடுகிறாய். உள்ளே கெட்டியான மலம் அடைத்துக்கொண்டு, அதன் ஓரமாகத் தண்ணீர் வழிந்தாலும் பார்ப்பதற்கு வயிற்றுப்போக்கு மாதிரியேதான் இருக்கும். அப்படியிருந்தால் அந்த மாத்திரை அடைப்பை இன்னும் இறுக்கிவிடும். டாக்டர் விரல் விட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும், அதுவரை மாத்திரை வேண்டாம்.

எனக்கு அதிகம் உதவியது பயிற்சி. காற்றை அடக்குகிற மாதிரி பின்பக்கத்தை உள்ளே இழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து, விட வேண்டும். வயிறும் தொடையும் இறுகக்கூடாது, மூச்சும் அடக்கக்கூடாது. ஒரு வேளைக்குப் பத்து, தினமும் மூன்று வேளை. பலன் தெரிய மாதக்கணக்காகும், நடுவில் விட்டுவிடாதே. சரியான தசையைத்தான் இறுக்குகிறோமா என்று கருவி வைத்துக் காட்டிச் சொல்லித்தரும் பயோஃபீட்பேக்கும் உண்டு. காலைப் பலகாரம் முடித்ததும் குடல் தானாக அசையும், அந்த நேரத்தில் போய் உட்காரப் பழகிக்கொள். இசப்கோல் என்கிற நார்ச்சத்துத் தூள் மலத்தைக் கட்டியாக்கி எனக்குக் கசிவைக் குறைத்தது, உனக்கு அது சரிவருமா என்பது அடைப்பு இல்லை என்று தெரிந்த பிறகுதான். தோல் எரிந்தால் சோப்பு போடாமல் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, துத்தநாகக் களிம்பு தடவு. இதற்கெல்லாம் அடங்கவில்லை என்றால் ஸ்கேனில் தசையைப் பார்த்துத் தைக்கலாம், முதுகடி நரம்பைத் தூண்டும் சின்னக் கருவியும் வைக்கிறார்கள். எல்லோருக்கும் அவ்வளவு தூரம் போகத் தேவைப்படாது.

ரத்தம் போனாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ தள்ளிப்போடாதே. திடீரென்று தொடையிடுக்கு மரத்து, கால் வலுவிழந்து, சிறுநீரும் வராமல் போனால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடு.

அடுத்த வாரம் ஒரு நாள் சீக்கிரம் கிளம்பி வா. கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு நான் கூட வருகிறேன், உள்ளேயும் உன் பக்கத்திலேயே இருப்பேன், உனக்கு வாய் வரவில்லை என்றால் நான் சொல்கிறேன். சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், சர்க்கரை ரிப்போர்ட்டையும் எடுத்து வா. எந்த பஸ் என்று முந்தின நாளே போன் பண்ணு.

அன்புடன்,
சரோஜா
முத்தியால்பேட்டை