பதினான்கு என்று எழுதிய பொய்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ரிஷிகேஷ் பயணக் கட்டுரை படித்தேன். ராம் ஜூலா, மாலை ஆரத்தி எல்லாம் நேரில் பார்த்த மாதிரி இருந்தது. கங்கையின் வேகத்தில் ரப்பர் படகில் போகும் ராஃப்டிங்கை மட்டும் குழந்தைகளோடு ஜாலியாகப் போய் வரலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். எத்தனை வயதுக் குழந்தைகள்? அங்கே குறைந்தபட்ச வயது 14. எனக்கு இது நன்றாகவே தெரியும். அந்த இடத்தில் பொய் எழுதிக் கொடுத்தவள் நான்.

போன ஏப்ரலில் குடும்பத்தோடு போயிருந்தோம். மகளுக்கு 16, மகனுக்கு 11. பணம் கட்டிய இடத்தில் படிவத்தை நீட்டியவர் மகனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பதினாலு என்று போட்டுவிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள் என்றார். இரண்டு நாள் ரயிலில் வந்துவிட்டு அவனை மட்டும் கரையில் உட்கார வைப்பதா? போட்டுவிட்டேன். "அம்மா, பொய்ம்மா" என்ற மகளை அதட்டினேன்.

சிவ்புரியிலிருந்து ரிஷிகேஷ் வரை சுமார் 16 கிலோமீட்டர். நடுவில் ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் என்று பெயர் வைத்திருக்கும் ரேபிட்கள், அதாவது பாறைகளுக்கு நடுவே ஆறு கொந்தளித்து ஓடும் இடங்கள். படகு ஒரு பக்கமாகத் தூக்கிப் போடும், முகத்தில் தண்ணீர் அறையும். என் பயமெல்லாம் அங்கேதான் இருந்தது. அவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

வம்பு வந்தது அப்புறம், ஆறு அமைதியாக ஓடும் இடத்தில். விருப்பப்பட்டவர்கள் இறங்கிக் கயிற்றைப் பிடித்து மிதக்கலாம் என்றார் கைடு. முதல் ஆளாகக் குதித்தான் மகன். பெரியவர்கள் அளவு லைஃப் ஜாக்கெட் அப்படியே எழும்பி அவன் காதுவரை வந்துவிட்டது. ஜாக்கெட் மிதக்கிறது, பிள்ளை அதற்குள் கீழே நழுவுகிறான். கைடு தோள் பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பில் படகுக்குள் போட்டார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. மேலே வெயில் கொளுத்துகிறது, அவனுக்கோ உதடு நீலம் பாரித்துக் கரை சேரும்வரை நடுக்கம் நிற்கவில்லை. இமயத்துப் பனி உருகி வரும் தண்ணீரில் சின்ன உடம்பு எவ்வளவு சீக்கிரம் சூட்டை இழக்கும் என்பது அன்றுதான் உறைத்தது.

அவனுக்கு நீச்சல் தெரியும். அதுதான் எங்கள் அசட்டுத் தைரியம். திருச்சிக் காவிரியில் இறங்கினால் முதலில் காலை ஊன்றி மணல் தட்டுப்படுகிறதா என்று பார்ப்போம். கங்கையின் அந்த ஓட்டத்தில் அதைத்தான் செய்யக் கூடாது. பாறை இடுக்கில் கால் மாட்டினால் வேகம் ஆளைக் கவிழ்த்து அமுக்கிவிடும். மல்லாந்து, காலை முன்னால் நீட்டித் தூக்கி வைத்துக்கொண்டு, ஓட்டத்தோடு போக வேண்டும். கைடு சொல்லத்தான் செய்தார். பதினோரு வயது அதைக் காதில் வாங்கியதா?

ஜாக்கெட்டைச் சோதிப்பது சுலபம். கொக்கிகளை மாட்டிய பிறகு இரண்டு தோள் பட்டையையும் பிடித்து மேலே இழுத்தால், தாடையைத் தாண்டி ஏறக் கூடாது. சின்ன அளவு கேட்டுப் பார்த்திருக்கலாம். பதினான்கு என்று எழுதிக் கொடுத்த பிறகு எந்த வாயால் கேட்பது?

அடுத்த முறை இப்படிக் கட்டுரை போட்டால் வயதையும், மழைக்காலமான ஜூலை, ஆகஸ்டில் ராஃப்டிங் கிடையாது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். என்னைப் போன்றவர்கள் பார்த்தும் பார்க்காமல் போவோம். வீட்டில் ஒரு மகள் இருந்தால் உரக்கப் படித்துக் காட்டுவாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி