ஆண்டறிக்கை 2024–25: உயர்மலைப் பயணத்துக்கான ஆயத்தமும் கருவித் தேர்வும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பொதுக்குழுவுக்கு வருகை தந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்களும், வனத்துறை அனுமதியுடன் நடந்த மேற்குத் தொடர்ச்சி மலை நடைகளும், புதிய உறுப்பினர் சேர்க்கையும் முந்தைய ஆண்டுகளைப் போலவே தடையின்றி நடந்தன. அவற்றின் விவரம் நடவடிக்கைக் குறிப்பேட்டில் உள்ளது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு செயற்குழுவின் உழைப்பில் பெரும்பகுதி, லடாக்கின் காங் யாட்சே இரண்டாம் சிகரத்துக்குச் சென்ற குழுவை ஆயத்தப்படுத்துவதிலும், அதற்கென நம் கருவி அறையை அடியோடு சோதிப்பதிலும் செலவானது. எனவே இவ்வறிக்கையும் அதைப் பற்றியதாகவே அமைகிறது.

மார்க்கா பள்ளத்தாக்கின் மேல் நிற்கும் இச்சிகரத்தின் உயரம் சுமார் 6,250 மீட்டர். செங்குத்துப் பாறையோ தொங்கும் பனிச்சுவரோ இல்லாத, பனிச்சரிவில் கிராம்பான் (பூட்ஸின் அடியில் மாட்டும் கூர்முனைச் சட்டம்) அணிந்து பொறுமையாக ஏற வேண்டிய மலை என்பதால் முதல் ஆறாயிரம் மீட்டர் சிகரத்தைத் தேடுவோர் பலரும் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் தென்னிந்தியாவிலேயே உயர்ந்த ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர்தான். விமானத்திலிருந்து இறங்கும் லே நகரமே அதைவிட உயரமாக, ஏறத்தாழ 3,500 மீட்டரில் இருக்கிறது. 5,500 மீட்டர் அளவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியாகிவிடும். ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். உத்தரகாசியிலோ மணாலியிலோ வாழ்பவர் புதிய பூட்ஸை வாங்கினால் வார இறுதியில் பனியில் நடந்து பார்த்துவிடலாம். கடலோர நகரத்தில் வாழும் நாம் வாங்கிய பொருளை அதற்குரிய குளிரில் சோதிக்க வழியின்றி நேரே மலைக்குக் கொண்டுபோகிறோம். அதற்குள் நம் ஊரின் வெக்கையும் ஈரமும் அப்பொருளைக் கெடுக்கத் தொடங்கிவிடுகின்றன. இவ்விரண்டு சிரமங்களையும் ஊரிலேயே எதிர்கொள்வது என்று செயற்குழு கோடையின் தொடக்கத்தில் முடிவெடுத்தது.

முதலில் கருவி அறை. மே மாதம் எல்லாப் பொருள்களையும் வெளியே எடுத்துப் பரப்பினோம். அதிகம் பயன்படுத்தப்படாத, பார்வைக்குப் புத்தம் புதியதாகத் தெரிந்த ஒரு சோடி பூட்ஸை மூத்த உறுப்பினர் ஒருவர் கையிலெடுத்து, அடித்தட்டுக்கும் மேற்தோலுக்கும் நடுவிலுள்ள நுரைப்பகுதியைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். நகம் உள்ளே இறங்கியது. ஈர வெல்லம்போல் நுரை உதிர்ந்து அவர் உள்ளங்கையில் கொட்டியது. பாலியூரித்தேன் என்ற அந்தப் பொருள் காற்றின் ஈரத்தோடு மெல்ல வேதிவினை புரிந்து சிதைந்துபோகும் இயல்புடையது. காலில் மாட்டாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் சிதைவு நிற்காது; நெடுநாள் நடக்காமல் கிடந்த பூட்ஸ்தான் திடீரென அடித்தட்டு கழன்று விழுகிறது என்பதைப் பழுதுபார்ப்பவர்கள் அறிவார்கள். 5,500 மீட்டரில் பனிச்சரிவின் நடுவே அது நிகழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கூடாரங்களின் மேல்விரிப்பு பிசுபிசுத்து நாற்றமடித்ததற்கும் அதே வேதிவினையே காரணம். அவற்றில் இரண்டைக் கழித்துவிட்டோம்.

கயிறுகளைப் பொறுத்தவரை விவாதத்துக்கே இடமில்லை. நைலான் கயிற்றை ஒருமுறைகூடப் பயன்படுத்தாவிட்டாலும் பத்து ஆண்டுகளுக்குப் பின் விலக்கிவிட வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் பொதுவாக அறிவுறுத்துகிறார்கள். உற்பத்தி ஆண்டைக் காட்டும் சீட்டு இல்லாத கயிறுகளையும், யாருடைய வண்டியின் பின்பெட்டியில் எவ்வளவு காலம் கிடந்தன என்று தெரியாத கயிறுகளையும் துண்டுகளாக வெட்டி, முடிச்சுப் பயிற்சிக்கு மட்டும் என்று எழுதி வைத்திருக்கிறோம். பேட்டரி அமிலத்தின் ஆவிபட்ட நைலான் கண்ணுக்குத் தெரியாமலேயே வலுவிழந்துவிடும் என்பதால் இதில் தயவு காட்டக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, குழுவினரின் தனிப்பட்ட கருவிகள். பணம் குறைவாக இருப்பவர் எதை முதலில் வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது என்ற கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்தது. காலில் அணிவதும் கையில் அணிவதும் சொந்தமாக இருக்கட்டும், மற்றவை வாடகையாக இருக்கலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. லே நகரில் வாடகைக்குக் கிடைக்கும், வெளிக்கூடும் தனி உள்பூட்ஸும் கொண்ட இரட்டை பூட்ஸ் பொதுவாக நல்லவையே. ஆனால் கோடையின் உச்சத்தில் சிறிய அளவுகளும் மிகப் பெரிய அளவுகளும் தீர்ந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் நம் உறுப்பினர் ஒருவருக்கு மலையடிவார ஊர் ஒன்றின் வாடகைக் கடையில் வெளிக்கூடு ஓர் அளவிலும் உள்பூட்ஸ் வேறோர் அளவிலும் கொடுக்கப்பட்டது முகாமுக்குப் போன பிறகே தெரியவந்தது. செருப்பணிந்தே வளர்ந்த நம்மில் பலருக்குப் பாதத்தின் முன்பகுதி அகன்றிருப்பதால், ஒடுக்கமான ஐரோப்பிய வார்ப்பில் செய்த பூட்ஸ் நீளத்தில் சரியாக இருந்தாலும் பக்கவாட்டில் நெருக்கும். நெருக்கும் பூட்ஸில் இரத்த ஓட்டம் குறையும். குறைந்தால் எவ்வளவு தடித்த உறை போட்டாலும் விரல் உறையும். ஆகவே மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், மலையில் அணியப்போகும் அதே காலுறைகளுடன் அணிந்து பார்க்க வேண்டும். பூட்ஸின் கயிற்றைக் கட்டாமல் காலை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின் ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டிய பின் படியிறங்கினால் கால்விரல் நுனி முன்னே இடிக்கக்கூடாது.

கிராம்பானைத் தனியே வாங்கி வந்து பூட்ஸோடு பின்னர் சேர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவது ஆபத்து. முன்னும் பின்னும் விளிம்புள்ள கெட்டியான பூட்ஸுக்கே கம்பிப்பிடி வகை பொருந்தும். விளிம்பில்லாத பூட்ஸுக்கு வாரால் கட்டும் வகையே பொருந்தும். நீளத்தைச் சரிசெய்து பிடியை மாட்டி, வாரைக் கட்டுவதற்கு முன்பே பூட்ஸைத் தூக்கி உதறினால் கிராம்பான் விழாமல் நிற்க வேண்டும். காங் யாட்சே போல, பனியாறு குவித்த மொரெய்ன் கற்களையும் கடந்து பனிக்குச் செல்லும் மலைக்கு எடை குறைந்த அலுமினிய வகை வேண்டாம், எஃகே போதும் என்று தீர்மானித்தோம். வெயில் ஏறியதும் ஈரப்பனி அடியில் கட்டியாக ஒட்டிக்கொள்ளாதிருக்கப் பனிதடுப்புத் தகடுகள் கட்டாயமாக்கப்பட்டன.

கைகளுக்கான ஆயத்தமே இந்த ஆண்டில் நாங்கள் மிகுந்த அக்கறையுடன் செய்த வேலை. 1950 ஜூன் 3 அன்று 8,091 மீட்டர் உயரமுள்ள, நேபாளத்தின் அன்னபூர்ணாவின் உச்சியை எட்டிய பிரெஞ்சு மலையேறி மொரீஸ் எர்சோக், இறங்கும்போது கழற்றி வைத்த கையுறைகள் சரிவில் உருண்டோடிவிட்டன. பையிலிருந்த மாற்றுக் காலுறைகளைக் கையில் மாட்டிக்கொள்ளலாம் என்பது அந்த உயரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. உறைபனிக் காயத்தால் கை கால் விரல்களை அவர் இழந்தார். உயரம் அறிவை மங்கச் செய்யும்போது, செய்ய வேண்டியதைக் கை பழக்கத்தால் செய்ய வேண்டும். அந்தப் பழக்கத்தை ஊரிலேயே உண்டாக்க வேண்டும்.

இதற்காக ஓர் உறுப்பினரின் முயற்சியால், மீன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் குளிர்பதனக் கிடங்கில் பயிற்சி நடத்த அனுமதி பெற்றோம். உள்ளே மைனஸ் 18 டிகிரி. கதவருகே நிறுவனப் பணியாளர் நிற்க, சிறு சிறு குழுக்களாக, குறுகிய நேரத்துக்கு மட்டும் உள்ளே சென்றோம். மெல்லிய உள்ளுறை, ஃப்ளீஸ் உறை, அதன்மேல் விரல் பிரியாத தடித்த மிட்டன் என மூன்றையும் அணிந்தபடி கிராம்பான் கட்ட வேண்டும். கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கியான காரபைனரின் திருகைத் திறந்து மூட வேண்டும். ஹெட்லாம்பின் பேட்டரியை மாற்ற வேண்டும். ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கி ஏற்ற வேண்டும். வரவேற்பறையில் ஒரு நிமிடத்தில் முடிந்த வேலை அங்கே முடியவில்லை. ஜிப்பின் சிறு நாக்கு மிட்டனுக்குள் அகப்படவில்லை. பேட்டரி மூடியைத் திறக்க ஓர் உறுப்பினர் மிட்டனைக் கழற்றினார். எஃகு கிராம்பானைத் தொட்ட அவருடைய விரல்நுனிகள் சற்று நேரத்திலேயே வெளுத்து மரத்தன. உடனே அவரை வெளியே அழைத்து வந்தோம். அடுத்த வாரமே எல்லா ஜிப்புகளிலும் கயிற்று வளையம் கட்டப்பட்டது. ஒவ்வொரு மிட்டனிலும் மணிக்கட்டில் மாட்டும் எலாஸ்டிக் பட்டை தைக்கப்பட்டது. குளிரில் சோர்ந்துவிடும் சாதாரண ஆல்கலைன் பேட்டரிகளுக்குப் பதில் லித்தியம் பேட்டரிகள் வாங்கப்பட்டன. கிடங்கில் காற்று வீசாது, உயரமும் கிடையாது; ஆயினும் நம் ஊரில் இதைவிட நேர்மையான சோதனைக்கூடம் கிடைக்காது என்று நம்புகிறேன்.

ஸ்லீப்பிங் பேக் வாங்குவோர் உறையில் அச்சிட்ட எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஐரோப்பிய, பன்னாட்டுத் தரமுறைகளின்படி சுக வெப்பநிலை, எல்லை வெப்பநிலை, கடைநிலை வெப்பநிலை என்று எண்கள் தரப்படுகின்றன. இவற்றில் கடைசி எண் உயிர் பிழைப்பதற்கான கணக்கு, உறக்கத்துக்கானது அன்று. சில விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது அதுதான். தரையின் குளிரைத் தடுப்பது பையன்று, பாய். ஆகையால் நுரைப்பாயின் மேல் காற்றுப்பாய் என இரண்டடுக்காக விரிக்கச் சொன்னோம். இறகு நிரப்பிய பையையும் ஜாக்கெட்டையும் சிறு உறைக்குள் அமுக்கி மாதக்கணக்கில் வைப்பதை நம் உறுப்பினர்கள் அடியோடு நிறுத்த வேண்டும். அமுங்கிய இறகு தன் உப்பலை இழக்கும். நம் ஊர் ஈரத்தில் கட்டிகட்டியாகவும் சேர்ந்துவிடும். உப்பலில் அடங்கிய காற்றுதான் உடம்பின் சூட்டைக் காக்கிறது. வியர்வையை உறிஞ்சிக்கொண்டு உலராத பருத்திப் பனியன் உடலை ஒட்டிக் குளிரவைக்கும் என்பதை வலியுறுத்தி, உள்ளாடை உட்படப் பருத்தி எதையும் குழுவின் பட்டியலில் அனுமதிக்கவில்லை.

வெயில் கண்ணாடியில் கருமை மிகுந்த நான்காம் வகை கேட்டு வாங்க வேண்டும். புதுப்பனி புறஊதாக் கதிரில் எண்பது விழுக்காடு வரை திருப்பியடிக்கும். உறிஞ்சுகுழாய்த் தண்ணீர்ப்பையின் நீர் உச்சிக்கு ஏறும் இரவில் குழாயிலேயே உறைந்துவிடும் என்பதால் அகன்ற வாய்ப் புட்டிகளே எடுத்துச் செல்லப்பட்டன. உறைதல் மேற்பரப்பில் தொடங்குவதால் அவற்றைத் தலைகீழாக வைத்தோம். எரிவாயுக் குப்பியை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது. லே சென்றுதான் வாங்க வேண்டும். பவர்பேங்கும் உதிரி லித்தியம் பேட்டரிகளும் கைப்பையில் மட்டுமே செல்லலாம்.

தகவல் தொடர்பைப் பற்றி ஒரு முக்கிய எச்சரிக்கை. வெளிநாட்டில் எளிதாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் தொலைபேசிகளையும் செய்திக் கருவிகளையும் உரிய அரசு அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். இதற்காகப் பயணிகள் விமான நிலையங்களில் கைதாகியிருக்கிறார்கள். உறவினர் அனுப்பினார் என்பதற்காக எவரும் அவற்றைக் கொண்டுவர வேண்டாம். உயர நோய்க்கான மருந்துகளைப் பொறுத்தவரை, அசெட்டசோலமைடு, டெக்சாமெத்தசோன், நிஃபெடிபின் ஆகியவை மருத்துவரின் ஆலோசனைக்குப் பின்பே பெட்டியில் சேர்க்கப்பட்டன. சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களின் விவரமும் எழுதி வைக்கப்பட்டது. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கத் தொடங்கினால் மருந்து நேரம் வாங்கித் தருமே தவிர, கீழே இறங்குவதே சிகிச்சை என்பதைப் பயணத்துக்கு முந்தைய கூட்டத்தில் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லுமாறு குழுத்தலைவர் செய்தார்.

ஆகஸ்டில் சென்ற குழு லேயில் போதிய நாள் தங்கி உடலைப் பழக்கிக்கொண்டு, நிமாலிங் வழியாக அடிவார முகாமை அடைந்து, நள்ளிரவில் புறப்பட்டு ஏறியது. பாதி வழியில் ஓர் உறுப்பினருக்குத் தலைவலி மிகுந்து நடை தள்ளாடியதும், குழுத்தலைவர் சற்றும் தாமதிக்காமல் ஒரு துணைவருடன் அவரைக் கீழே அனுப்பினார். முகாமில் அவர் நலமடைந்தார். மற்றவர்கள் காலையில் உச்சியை அடைந்தார்கள். எவருக்கும் விரலில் உறைபனிக் காயம் இல்லை, எந்த பூட்ஸும் கிராம்பானும் வழியில் கழலவில்லை. திரும்பிச் சென்ற அந்த உறுப்பினரும் அவருடன் இறங்கிய துணைவரும் சங்கத்தின் பாராட்டுக்கு உச்சியை அடைந்தவர்களுக்குச் சற்றும் குறையாத உரிமையுடையவர்கள் என்பதை இந்த அவையில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

இந்த அனுபவத்தின் அடிப்படையில் செயற்குழு சில தீர்மானங்களைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறது. கருவி அறைக்கு ஈரநீக்கி ஒன்று வாங்கப்பட வேண்டும். இறகுப் பொருள்கள் தொங்கவிடப்பட்டும், பூட்ஸ் திறந்த தட்டுகளிலும் வைக்கப்பட வேண்டும். கயிறு, இடுப்பில் அணியும் ஹார்னஸ், நாடா வளையமான ஸ்லிங், பூட்ஸ் ஒவ்வொன்றுக்கும் உற்பத்தி ஆண்டும் பயன்பாட்டு விவரமும் கொண்ட பதிவேடு தொடங்கப்பட வேண்டும். பதிவில்லாத பொருள் எந்தப் பயணத்துக்கும் வழங்கப்படக்கூடாது. சிறிய காலளவுள்ள உறுப்பினர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வாடகையில் கிடைப்பது அரிது என்பதால், அவ்வளவுகளில் இரட்டை பூட்ஸ் வாங்க முன்னுரிமை தர வேண்டும். ஐயாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட எந்தப் பயணத்துக்கும் பெயர் கொடுப்பவர், மிட்டன் அணிந்த கையால் கிராம்பான் கட்டிக் காட்டிய பின்பே குழுவில் சேர்க்கப்பட வேண்டும். இக்கடைசித் தீர்மானம் கடுமையானது என்று சிலர் கூறியுள்ளார்கள். அதை மாற்றமின்றி நிறைவேற்றித் தருமாறு உறுப்பினர்களை மிகுந்த பணிவுடன் வேண்டுகிறேன்.

கருவி அறையைச் சீரமைக்க விடுமுறை நாள்களைத் தந்த உறுப்பினர்களுக்கும், மருத்துவ ஆலோசனை வழங்கியவர்களுக்கும், குளிர்பதனக் கிடங்கைத் திறந்துவிட்ட நிறுவனத்தாருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி தெரிவித்து, இவ்வறிக்கையை ஏற்றுத் தீர்மானங்களை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்